குழாயடி வெற்றிலை

1

நாகப்பட்டினத்தில் நான் கப்பலேறி இன்றோடு ஏழு வருடம் ஆகிறது. காலையிலிருந்து மூன்று முறை பெட்டியைத் திறந்து மூடிவிட்டேன். எடுத்து வைக்கவும் ஒன்றுமில்லை, வெளியே எடுக்கவும் ஒன்றுமில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. இந்நேரம் நான் நடுக்கடலில் இருந்திருக்க வேண்டும். கப்பல் கம்பியில் ஏறாதே என்று மகள் ராஜத்தை அதட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாகப் பினாங்கில், என் வீட்டுச் சமையலறைக்குப் பின்னால் கொத்தனார் சுண்ணாம்பு குழைக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் வரவில்லை என்று தெரிந்ததும் ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்களாம். பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்ட தங்கச்சி எழுதியிருந்தாள். என் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது என்று ஒரு பேச்சு. எனக்குப் படித்த திமிர், ஊரை மறந்துவிட்டேன் என்று இன்னொரு பேச்சு. முதலாவது பொய். இரண்டாவதில் முன்பாதியை மட்டும் வேண்டுமானால் ஒப்புக்கொள்கிறேன். உண்மையான காரணம் ஒரு தண்ணீர்க் குழாய். அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

என் ஊர் சின்னமனூருக்குப் பக்கத்தில் மார்க்கையன்கோட்டை. எங்கள் வம்சத்தில் ஆணிலும் பெண்ணிலும் முதலில் எழுத்துப் படித்தவள் நான்தான். இதை எழுதும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் உட்காருகிறேன். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது அய்யா என்னை ராயப்பன்பட்டியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில், விடுதியோடு சேர்த்தார். பள்ளி திறக்கும் மாதம்வரைகூட அவர் பொறுக்கவில்லை. நடு வருடத்தில், தை பிறந்த மூன்றாம் நாள் கொண்டுபோய் நிறுத்தினார். இப்போது எப்படிச் சேர்ப்பது என்று மதர் யோசித்தபோது கையெடுத்துக் கும்பிட்டார். வயல்காட்டுக்காரன் பொட்டப்பிள்ளையை வேதக்காரர் பள்ளியில் விடுகிறான் என்று ஊர் சிரித்தது. அய்யா யார் பேச்சுக்கும் காது கொடுக்கவில்லை. வாசலில் என்னை மாட்டுவண்டியில் ஏற்றிவிட்டு, வண்டி நகர்ந்தபோது முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று எனக்குத் தெரிந்தது. மகள் படிப்புக்காக ஊரையே எதிர்த்து நின்ற மனிதர், மகள் போவதைப் பார்க்கத் தாங்காமல் அழுதார்.

இந்தக் கதையை இங்கே நான் சொல்லாத ஆளில்லை.

2

இந்த வீடு என் வீட்டுக்காரருடைய சித்தப்பா கட்டியது. கூடலூர்க்காரர். ரப்பர் நல்ல விலைக்குப் போன காலத்தில் கட்டினார். பிள்ளையில்லாததால் இவருக்கு எழுதி வைத்துவிட்டுப் போனார். செங்கல் சுவர், ஓட்டுக் கூரை. முன்னால் இரண்டு அறை, பின்னால் சமையலறை. சமையலறைச் சுவரில் மரச்சட்டம் அடித்து அதன்மேல் ஓர் இரும்புத் தொட்டி வைத்திருந்தது. தெருக்குழாய் வெளிச்சுவரை ஒட்டி ஏறி வந்து அந்தத் தொட்டியை நிரப்பும். மலையிலிருந்து வரும் தண்ணீர். திருகினால் வரும். முறை கிடையாது, மடை கிடையாது, மண்வெட்டியோடு வரப்பில் காவல் கிடையாது. வந்த புதிதில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தபடியே நிற்பேன். யாராவது வந்து, உன் முறை முடிந்தது என்று சொல்லிவிடுவார்களோ என்று இருக்கும்.

வீட்டை இன்ஷ்யூர் செய்வது இங்கே வழக்கம். வருடத்துக்கு ஒரு தொகை கம்பெனிக்குக் கட்டினால், வீட்டுக்குச் சேதம் வந்தபோது கம்பெனி பழுது பார்த்துக் கொடுக்கும். இதைப் பற்றி ஒருமுறை ஊருக்கு எழுதினேன். அய்யா பதில் எழுதச் சொல்லியிருந்தார்: வீடு நல்லா இருக்கும்போதே இடியும் என்று பணம் கட்டுகிறவளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன், வாயில் நல்ல வார்த்தை வராதா உனக்கு?

ஒன்றரை வருடத்துக்கு முன்பு ஏஜெண்டு வந்தார். என் வீட்டுக்காரர் துறைமுகக் கிட்டங்கியில் கிராணி, அதாவது கணக்கெழுதுகிற குமாஸ்தா. மூட்டைக்கும் சரக்குக்கும் வேண்டிய இங்கிலீஷ் அவருக்கு வரும். சட்டக் காகிதத்து இங்கிலீஷ் என் பொறுப்பு. பாலிசியை வாங்கி முழுவதும் படித்தேன். தீக்கு மட்டும்தான் பணம் என்று இருந்தது. தண்ணீருக்கு என்று கேட்டேன். அதற்குத் தனியாக ஒரு சீட்டு ஒட்ட வேண்டும், கொஞ்சம் கூடுதலாகக் கட்ட வேண்டும், யாரும் அதைக் கேட்பதில்லை என்றார். நான் கேட்டேன். பெரியாற்றுத் தண்ணீரில் பிறந்து வளர்ந்தவளுக்கு நெருப்பைவிடத் தண்ணீர்தான் பயம்.

சீட்டு வந்தபோது இருவர் முன்னாலும் விரல் வைத்து வரிவரியாகத் தமிழில் சொன்னேன். ஆற்று வெள்ளம் வந்தால் பணமில்லை. கூரை ஒழுகினால் இல்லை. குழாயோ தொட்டியோ திடீரென்று, எதிர்பாராமல் உடைந்து பாய்ந்த தண்ணீருக்கு உண்டு. நாள்பட்டுக் கசிந்து வந்த சேதத்துக்கும், தெரிந்தும் சரிசெய்யாமல் விட்ட பழுதுக்கும் இல்லை. ஏஜெண்டு, அம்மாவே எங்கள் ஆபீசில் வந்து உட்காரலாம் என்றார். அன்று முழுவதும் எனக்குக் கால் தரையில் படவில்லை.

3

நாலு மாதம் கழித்து, வெளிச்சுவரில் குழாய் தொட்டிக்கு ஏறும் மூட்டில் தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. நிமிடத்துக்கு ஏழெட்டுச் சொட்டு. முதலில் கீழே ஒரு சட்டி வைத்தேன். சட்டி நிறைந்ததும் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி எடுக்க வேண்டியிருந்தது. பிறகு களைக்கொட்டால் ஒரு சாண் வாய்க்கால் கீறினேன். வாய்க்கால் இருந்தால் பாத்தி வேண்டாமா? பாத்தி கட்டினேன்.

எங்கள் பக்கத்துப் பெண் யாராக இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பாள். தண்ணீர் வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்க எங்களால் முடியாது. அது அரிசியைத் தரையில் கொட்டி மிதிப்பது போல.

கீரை போட்டேன். அகத்தி விதை ஊன்றினேன். அகத்தி இடுப்பளவு வந்தபோது, சின்னமனூரிலிருந்து இங்கே வேலைக்கு வந்த ஒருவர் ஈரவாழைப்பட்டையில் சுற்றி நாலு வெற்றிலைக் கொடித் துண்டு கொண்டுவந்து கொடுத்தார். எங்கள் பக்கத்துக் கொடிக்காலில், அதாவது வெற்றிலைத் தோட்டத்தில், அகத்தியின் மேல்தான் கொடியை ஏற்றுவார்கள். நாலில் மூன்று கருகியது. ஒன்று பிடித்தது. வெற்றிலைக்குத் தண்ணீர் நடந்துகொண்டே இருக்க வேண்டும், நிற்கக் கூடாது. அந்தச் சொட்டு அதற்கென்றே அளந்து விட்ட மாதிரி இருந்தது.

என் வீட்டுக்காரர் இரண்டு தடவை கேட்டார்.

“ஏ பிள்ள, குழாய்க்காரனக் கூட்டியாரவா? சொட்டிக்கிட்டே கெடக்கே.”

“சொட்டட்டும். கொடி குடிக்குதுல்ல.”

“கொடி குடிக்கிறது போகச் சுவரும் குடிக்குது பாரு.”

சுவரின் அடிப்பக்கத்தில் சுண்ணாம்புப் பூச்சு உப்பியிருந்தது உண்மை. மழைநாட்டில் எந்த வீட்டுச் சுவர்தான் காய்ந்திருக்கிறது என்று சொன்னேன். குழாயை மூடினால் கொடி வாடிவிடும் என்பதைச் சொல்லவில்லை. அவருக்கே தெரியும்.

ராஜத்துக்கு ஐந்து வயது. தண்ணீரை ‘ஆயர்’ என்பாள். அது மலாய்ச் சொல். தண்ணி என்று சொல்லுடி என்றால், சொல்லிவிட்டு அடுத்த வாய்க்கு ஆயர் கேட்பாள். பக்கத்து வீட்டுச் சீனத்து அம்மாளை நொன்யா என்று கூப்பிடுவோம். அவரோடு ராஜம் பேசும் மலாயில் பாதி எனக்குப் புரிவதில்லை. ஆனால் கொடியை மட்டும் தன் கொடி என்பாள். வெற்றிலையை எப்படிக் காம்போடு கிள்ள வேண்டும் என்று நான் சொல்லித்தந்தது அவள் விரலுக்கு வந்துவிட்டது. இந்த வருடம் ஊருக்குப் போகும்போது உண்மையான கொடிக்காலைக் காட்டுகிறேன் என்று சொல்லிவைத்திருந்தேன். கப்பல் பயணத்துக்கென்று நாலு வருடமாகத் தனியாக எடுத்து வைத்து வந்தோம். ராஜம் தாத்தாவைப் பார்த்ததில்லை. நானும் என் ஆத்தா முகத்தை நினைவில்தான் வைத்திருக்கிறேன். அந்த நினைவில் ஆத்தாவுக்கு இன்னும் நரைக்கவில்லை.

4

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை முருகன் கோயிலுக்குப் போய்விட்டு உச்சிப்பொழுதில் திரும்பினோம். தெருமுனையிலேயே நொன்யா எதிரே ஓடிவந்தார். சமையலறைச் சுவர் பாதி விழுந்து கிடந்தது. தொட்டி அடுப்பின்மேல் கவிழ்ந்திருந்தது. ஒடிந்த குழாயிலிருந்து தண்ணீர் பீய்ச்சி இரண்டு அறைகளிலும் முழங்கால் நனையும் அளவுக்கு நின்றது. தெருவில் இருந்த வால்வை நொன்யாதான் மூடியிருந்தார். அரிசி, பருப்பு, மெத்தை, தரையில் இருந்த மரப்பெட்டி எல்லாம் போயின. பெட்டிக்குள் கல்யாணப் புடவையும் என் பள்ளிக்கூடச் சான்றிதழும் இருந்தன. சான்றிதழை வெயிலில் விரித்துக் காயவைத்தேன். என் பெயர் மட்டும் தப்பியது. மார்க்கெல்லாம் நீலத் தண்ணீராக ஓடிவிட்டது.

அகத்தி அசையாமல் நின்றது. அதைச் சுற்றிய கொடியில் ஓர் இலைகூடக் கிழியவில்லை.

நான் அழுதேன். இவர் அழவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரை வாளியால் மொண்டு ஊற்றியபடியே பேசினார்.

“எதுக்கு அழுகுற? தண்ணிக்கின்னு ஒரு சீட்டு ஒட்டச் சொன்னயே, அது இன்னைக்குத்தான் வேலைக்கு வருது. ஊருக்குப் போயி எல்லாத்துக்கிட்டயும் சொல்லப் போறேன், எம் பொண்டாட்டி படிப்பு ஒரு சுவரு கட்டுச்சுன்னு.”

அன்று மாலையே கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். ‘திடீரென்றும் எதிர்பாராமலும்’ என்பதற்கான இங்கிலீஷ் வார்த்தைகளைப் பாலிசியிலிருந்தே எடுத்துப் போட்டேன். பிழையில்லாத கடிதம். உறையில் போடுமுன் இன்னொரு முறை படித்தேன். பிழையில்லை. ஆனாலும் தபாலில் சேர்த்துவிட்டு வரும் வழியில் எதையோ அடுப்பில் வைத்துவிட்டு மறந்து வந்தவள் போல வேகவேகமாக நடந்தேன்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குச் சேதத்தை மதிப்பிடும் சர்வேயர் வந்து பார்ப்பார் என்று பதில் வந்தது. புதன்கிழமை இவர் வேலையிலிருந்து வந்து, கால் கழுவிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“அந்தக் கொடியப் பிடுங்கிப் போட்டுரு. வெள்ளக்காரன் கண்ணுல அது படவேணாம்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சொல்லியிருப்பார். சொல்லியிருந்தால் எங்கள் இருவருக்கும் தெரிந்தது வார்த்தையாகிவிடும்.

வியாழன் காலையில் கொடியருகே போனேன். அடித்தண்டைப் பிடித்தேன். கட்டைவிரல் பருமன் ஆகியிருந்தது. ஊரிலிருந்து வந்து இந்த மண்ணில் வேர் பிடித்தது இந்த வீட்டில் அது ஒன்றுதான். கையை எடுத்துவிட்டேன். நேர்மையால் எடுத்தேன் என்று எழுதினால் அது பொய். வெற்றிலைக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும் என்று எந்த வெள்ளைக்காரனுக்குத் தெரியும் என்றுதான் நினைத்தேன்.

5

இங்கே நான் ஊருக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது.

அய்யாவின் வயலுக்குக் கீழ்ப்புறம் செல்லையா மாமாவின் கொடிக்கால் இருந்தது. உறவில் மாமா இல்லை, வரப்பு உறவு. பள்ளிக்கூடம் போவதற்கு முன்பு நான் அய்யாவுக்குக் கஞ்சி கொண்டுபோகிறவள். கார்த்திகையில் ஒரு நாள், எங்கள் முறைத் தண்ணீர் வயலில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கலயத்தோடு வரப்பில் வந்தபோது அய்யா குத்துக்காலிட்டு உட்கார்ந்து எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நண்டு வளை. வளையின் மறுபக்கத்திலிருந்து தண்ணீர் நூல் மாதிரி கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அய்யா அதில் விரலை விட்டுப் பார்த்தார். அடைக்க வேண்டுமானால் மடையை மூடித் தண்ணீரை இறக்க வேண்டும். முறை முடிய இன்னும் அரை நாள் இருந்தது. அவர் எழுந்து கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, கலயத்தை என்னிடமிருந்து வாங்கினார். நாளைக்குப் பார்ப்போம் என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொன்னார்.

மறுநாள் விடியுமுன் வரப்பு உடைந்துவிட்டது. மாமா அப்போது உறவுக்காரர் கல்யாணத்துக்குக் கம்பத்துக்குப் போயிருந்தார். மூன்று நாள் கழித்து வந்து பார்த்தபோது கொடிக்காலில் தண்ணீர் நின்றுகொண்டிருந்தது. வேர் அழுகி, பதினைந்து நாளில் கொடியெல்லாம் பழுத்து உதிர்ந்தது.

எங்கள் வயல்காட்டில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. வரப்பு தானாக உடைந்தால் யாரும் யாருக்கும் ஒன்றும் தர வேண்டியதில்லை. கசிவைக் கண்டும் அடைக்காமல் விட்டிருந்தால், விட்டவன் தன் விளைச்சலில் பாதியை நட்டப்பட்டவனுக்குக் கொடுக்க வேண்டும். அதனால் மார்கழிக் கடைசியில் ஊர்ச் சாவடியில் கூட்டம் போட்டபோது அய்யாவிடம் அவர்கள் கேட்டது ஒரே கேள்வி.

“முன்னக்கூட்டியே பாத்தியாப்பா?”

“இல்ல. நான் பாக்கல.”

நான் சாவடித் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அய்யா சொல்லிவிட்டு நிமிர்ந்தபோது அவர் பார்வை நேராக என்மேல் விழுந்தது. நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். நான் அங்கே நின்றதை அவர் கவனிக்கவில்லை என்று அன்று முதல் நினைத்து வந்தேன்.

செல்லையா மாமா வழக்காடவில்லை. அந்த மாசிக்குள் குடும்பத்தோடு குமுளிக்கு மேலே ஏலத்தோட்டத்துக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டார். ‘சாட்சி எதுவும் வேணாம், உன் வார்த்தை போதும்’ என்று அய்யாவிடம் சொல்லிவிட்டுப் போனார் என்று ஆத்தா சொல்லி, பிறகு தெரிந்துகொண்டேன். நான் அப்போது ராயப்பன்பட்டியில் இருந்தேன், இங்கிலீஷ் எழுத்துகளை வரிசையாக எழுதிக்கொண்டு.

கம்பெனிச் சட்டமும் எங்கள் வயல்காட்டு வழக்கமும் தலைகீழ். திடீரென்று உடைந்தால் கம்பெனி பணம் தரும், ஊர் தராது. கசிந்தது தெரிந்தால் ஊர் கேட்டு வாங்கித் தரும், கம்பெனி தராது. ஆனால் இரண்டும் கேட்கும் கேள்வி ஒன்றே.

6

சர்வேயர் உயரமான, தலை நரைத்த வெள்ளைக்காரர். சேற்றில் ஷூ பதிவதைப் பற்றிக் கவலைப்படாமல் உள்ளே வந்தார். அவரோடு குமாரன் என்று ஒரு மலையாளிக் குமாஸ்தா, கையில் அச்சடித்த படிவத்தோடு. எங்கள் பக்கம் கூடலூரைத் தாண்டினால் மலையாளம்தான். எனக்குத் தெரிந்த நாலு வார்த்தையில் உட்காரச் சொன்னதும் குமாரன் முகம் மலர்ந்துவிட்டது. குமுளிச் சந்தை வரைக்கும் வந்திருப்பதாகச் சொன்னார். என்னைச் சேச்சி, அதாவது அக்கா, என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

சர்வேயர் ஒரு சின்னக் கத்தியால் செங்கல் இடுக்கைச் சுரண்டினார். உள்ளே சுண்ணாம்பு இல்லை, வெறும் மண். மண்ணை விரலில் தேய்த்துப் பார்த்தார். ஒடிந்த குழாயைத் திருப்பிப் பார்த்தார். பழைய குழாய் என்றார். பிறகு கொடியைப் பார்த்தார். அழகான செடி என்றார். என்ன செடி என்று கேட்டார். நான் சொன்னேன். வெற்றிலையா, இவ்வளவு இளம்பச்சையாக இங்கே பார்த்ததில்லையே என்றார். அவ்வளவுதான். அவருக்குத் தெரியவில்லை. வீட்டுக்காரர் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது.

குமாரன் படிவத்தை முழங்காலில் வைத்துக் கேள்விகளை நிரப்பிக்கொண்டே வந்தார். வீடு யாருடையது, எத்தனை அறை, எந்த நாள், எந்த நேரம். நான் சொல்லச் சொல்ல எழுதினார். முன்பே கசிவு இருந்ததா, தெரியுமா என்ற கடைசிக் கேள்விக்கு வந்ததும் பேனாவை நிறுத்தி, துரைக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

“சேச்சி, முன்னே ஒண்ணும் உண்டாயில்லல்லோ? இல்லா என்னு எழுதட்டே?”

கேள்வியும் அவரே, பதிலும் அவரே. நான் தலையை அசைத்தால் போதும். அசைக்காமல் சும்மா இருந்தால்கூடப் போதும். பேனா முனை ஏற்கெனவே தாளைத் தொட்டிருந்தது.

ராஜம் என் பக்கத்தில் அகத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மலையாளம் தெரியாது. ஆனால் எதையோ கேட்டிருக்கிறார்கள், அம்மா பதில் சொல்லவில்லை என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும். நிமிர்ந்து என் முகத்தையே பார்த்தாள். அந்தப் பார்வையை நான் வெளியிலிருந்து பார்த்ததே இல்லை. எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

நான் துரையைப் பார்த்து, கன்னியாஸ்திரீகள் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். இந்த மூட்டு ஒரு வருடமாகச் சொட்டியது. எனக்குத் தெரியும். என் வீட்டுக்காரர் குழாய்க்காரரைக் கூட்டிவருகிறேன் என்று சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். அந்தத் தண்ணீரில்தான் இந்தக் கொடியை வளர்த்தேன்.

என் வாழ்நாளில் நான் பேசிய மிக நல்ல இங்கிலீஷ் அதுதான்.

துரை திரும்பிக் கொடியைப் பார்த்தார். பிறகு தொப்பியை எடுத்துக்கொண்டு நன்றி, அம்மா என்றார். குமாரன் மெதுவாக எழுதினார். எழுதி முடித்து, மை காயும்வரை தாளை ஊதிக்கொண்டே இருந்தார். போகும்போது சேச்சி என்று கூப்பிடவில்லை.

7

கம்பெனிக் கடிதம் வர மூன்று வாரம் ஆனது. மரியாதையான கடிதம். நான் ஒன்றரை வருடத்துக்கு முன்பு விரல் வைத்து மொழிபெயர்த்த அதே வரியை எடுத்துக் காட்டி, வருந்துகிறோம் என்று முடித்திருந்தார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. வீடு இன்ஷ்யூர் செய்கிற சகோதரிகள் யாராவது இதைப் படித்தால் ஒன்று மட்டும் சொல்வேன்: சொட்டுகிற குழாயை அன்றைக்கே அடையுங்கள். பாலிசியைப் படித்தால் போதாது, சுவரையும் படிக்க வேண்டும்.

இவர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கேட்டால் பதில் சொல்வார், அவராகப் பேசமாட்டார். கப்பலுக்கு வைத்திருந்தது செங்கலுக்குப் போனது. மூன்றாம் நாள் சாயங்காலம் சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப்புறம் போனார். கொடியிலிருந்து ஓர் இலையைக் கிள்ளி, காம்பைப் பல்லால் கடித்து எறிந்து, சுண்ணாம்பு தடவாமல் அப்படியே மென்றார்.

“ஏ பிள்ள, இங்கன வா. நீயும் ஒண்ணு போடு.”

“எனக்கு வேணாம்.”

“போடுங்கிறேன். கப்பல் சீட்டு வெலைக்கு வெத்தல திங்க எந்த ஜமீன்தாருக்குக் குடுத்து வச்சிருக்கு?”

எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் வந்தது. அவரும் சிரித்தார், ஆனால் கொஞ்சமாக.

அன்றே அய்யாவுக்கு எழுதினேன். இந்த வருடம் வர இயலவில்லை என்று எழுதி, காரணத்தையும் எழுதினேன். சர்வேயர் வந்தது, படிவத்தில் இருந்த கேள்வி, நான் சொன்ன பதில். செல்லையா மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. சாவடியைப் பற்றியும் எழுதவில்லை. மகள் செய்த முட்டாள்தனத்தை அய்யா கேட்டுத் திட்டட்டும், அதற்குமேல் ஒன்றும் வேண்டாம் என்று நினைத்தேன்.

முந்தாநாள் பதில் வந்தது. அய்யாவுக்கு எழுதத் தெரியாது. தபாலாபீஸ்காரர் படித்துக் காட்டுவார், அய்யா சொல்வதை அவரே எழுதி அனுப்புவார். அய்யா பேசுகிற மாதிரியே எழுதிவிடுவது அவர் வழக்கம். எப்போதும் ஒரு பக்கம் முழுக்க மழை, மாடு, யார் வீட்டில் கல்யாணம் என்று இருக்கும். இந்த முறை நாலு வரிதான்.

“கடுதாசி கெடச்சுச்சு. இங்கன எல்லாரும் சுகம். காசு போனாப் போகட்டும், அடுத்த வருசம் வாங்க. செல்லையா கொடிக்கால் விசயத்துல நீ பாத்தது எனக்கு அன்னைக்கே தெரியும்.”

இதைத் தபாலாபீஸ்காரரிடம் வாய்விட்டுச் சொல்லி எழுத வைத்திருக்கிறார். அவருக்குத் தெரிந்தால் மறுநாள் ஊருக்குத் தெரியும். அது தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். ஏலத்தோட்டத்துக்குப் போன மாமா இப்போது எங்கே என்று அய்யா தேடுகிறாரா, மாமா இருக்கிறாரா இல்லையா, நாலு வரியில் ஒன்றும் இல்லை. எனக்குத்தான் இரண்டு நாளாக உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை. கொத்தனார் புதுச் சுவரில் குழாயைப் பதித்துவிட்டார். ஒரு சொட்டு விழவில்லை. கொடிக்கு இப்போது செம்பில்தான் ஊற்றுகிறேன். ஊற்றிவிட்டுத் திரும்பினால், ஊற்றினேனா இல்லையா என்று மறந்து மறுபடி போகிறேன்.

சாவடிக் கூட்டம் மார்கழியில். தை பிறந்த மூன்றாம் நாள் ராயப்பன்பட்டி. நடு வருடம். கையெடுத்துக் கும்பிட்டு. நடுவில் பதினைந்து நாள்கூட இல்லை. இத்தனை படித்தவள் இந்த இரண்டு மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒருநாளும் பார்க்கவில்லை.

வண்டி நகர்ந்தபோது அய்யா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன்.